வெள்ளிக்கிழமை ஆறு மணி ஆடிட்

அந்தப் பையை இப்படிக் குடுங்கண்ணே, மேல வெச்சிடுறேன். ஜன்னலோரம் நான் உக்காந்துக்கிறேன், எனக்கு சிக்னல் வேணும். ஆறு மணிக்கு ஒரு ரிப்போர்ட் வரும், அதைப் பாத்தே ஆகணும். நீங்க எதுவரைக்கும்? ஒட்டன்சத்திரமா. மார்க்கெட்டா. நெனச்சேன். சட்டையில வெங்காய வாடை அடிக்குதுல்ல. தப்பா எடுத்துக்காதீங்க, தொழில்னா அப்படித்தான்.

நான் மதுரை வரைக்கும். எங்கக்காவைப் பாக்கப் போறேன். செண்பகவல்லின்னு பேரு. ரெண்டு கிட்னியும் போயி டயாலிசிஸ்ல ஓடிக்கிட்டு இருக்கு. வாரத்துக்கு ரெண்டு தடவை சென்டருக்குப் போகணும். இந்தச் செவ்வாக்கிழமை போனது நேரம் தவறிப்போயி, பண்ணாமத் திருப்பி அனுப்பிட்டாங்க. அடுத்த நாள் நெஞ்சுல தண்ணி கோத்து, மூச்சு முட்டி, ஆம்புலன்ஸ்ல போட்டுத் தூக்கிட்டு ஓடியிருக்காங்க. ஆஸ்பத்திரியிலயே அவசரமா டயாலிசிஸ் பண்ணி எப்படியோ அன்னிக்குப் பொழச்சிருச்சு. நாளைக்கு மறுபடி சென்டர்ல பண்ணணும். இன்னொரு தடவை தவறுச்சுன்னா உடம்பு தாங்காதுன்னு டாக்டர் கண்டிஷனாச் சொல்லிட்டார். எங்க மாமா லோடு வண்டி ஓட்டுறவர், அவரை நம்பி விட முடியுமா? அதான் நானே கெளம்பிட்டேன். நேத்தே கெளம்பியிருப்பேன், ஒரு மீட்டிங்கு. நான் இல்லாட்டி அங்க ஒண்ணும் நடக்காது.

என்ன வேலையா? கம்ப்யூட்டர்தான். சாஃப்ட்வேர். அடுத்து என்ன கேப்பீங்கன்னு தெரியும், உங்க சொந்தக்காரப் பையன் ஒருத்தன் இன்ஜினியரிங் முடிச்சிட்டுச் சும்மா இருப்பான், அவனுக்கு ஏதாச்சும் பாத்துக் குடுக்க முடியுமான்னு. முடியாதுண்ணே. எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. உள்ள இருக்கிறவனுங்களை வெச்சு மாரடிக்கிறதே எனக்குப் போதும்.

கேக்குறீங்களேன்னு சொல்றேன். நான் அங்க ஹெட். எனக்குக் கீழ ஒரு டீம். எல்லாரும் படிச்சவங்க. படிச்சவங்கன்னா சர்ட்டிபிகேட் வெச்சிருக்கானுங்க, அவ்வளவுதான். நாங்க பண்ற சாஃப்ட்வேர் டயாலிசிஸ் சென்டருக்குத்தான். எந்த பேஷண்ட், எந்த மெஷின், எத்தனை மணிக்கு, எல்லாத்தையும் அதுதான் பாத்துக்கும். நேரத்தை பேஷண்ட் போனுக்கு மெசேஜா அனுப்பும். எங்கக்கா போற சென்டர்லயும் நம்மதுதான். நான்தான் சொன்னேன், வேற எங்கயும் அலையாத, இங்க போ, நம்ம மெசேஜ் வரும், அதுல என்ன நேரம் போட்டிருக்கோ அந்த நேரத்துக்குப் போய் நில்லுன்னு. அதுவும் நம்பித்தான் போய்க்கிட்டு இருந்துச்சு.

இந்த சாஃப்ட்வேர்னு சொல்றது வேற ஒண்ணுமில்லண்ணே, எழுத்துதான். வரி வரியா எழுதி வெச்சிருப்போம். எல்லாரும் எழுதுறது ஒரே எடத்துல போய்ச் சேரும், ரெப்போன்னு பேரு. உங்க மண்டில எல்லா ஊர்ச் சரக்கும் ஒரே எடத்துல வந்து எறங்குதுல்ல, அதே மாதிரி வெச்சுக்கங்க. யார் வந்து எந்த வரியை மாத்துனாலும் பேரு, நேரம், ஏன் மாத்துனான்னு காரணம், எல்லாம் பதிவாயிரும். மாத்துனது சரியான்னு இன்னொருத்தன் பாத்து ஓகே போடணும். அது சட்டம். நடைமுறை என்ன தெரியுமா? நீ என்னோடதைப் பாக்காத, நான் உன்னோடதைப் பாக்கல. கட்டை விரல் படம் ஒண்ணைப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிருவானுங்க. ஒருத்தன் தப்பை ஒருத்தன் சொல்ல மாட்டான். கேட்டா நட்பாம். தூ.

அதுக்குத்தான் நான் ஒண்ணு கொண்டுவந்தேன். தானா ஓடுற ஆடிட். மனுஷன் வேண்டாம். வாராவாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணியானா அதுவே முழிச்சுக்கும். அந்த வாரம் யார் யார் எதை எதைத் தொட்டாங்களோ எல்லாத்தையும் எடுத்துப் போட்டு அலசும். இங்க ஓட்டை, இங்க அசிங்கம், இங்க காப்பின்னு ஒவ்வொண்ணாப் புடிச்சு, ஆளு பேருக்குக் கீழ குத்தம் குத்தமா அடுக்கி, ரிப்போர்ட்டா அனுப்பிரும். யாருக்கு? எனக்கு மட்டும். என் போனுக்கு மட்டும்.

ஏன் வெள்ளிக்கிழமை ஆறு மணின்னு கேளுங்க. யோசிச்சுத்தான் வெச்சேன். எங்க எம்.டி. ஒரு மெத்தன ஆளு. அவர் சொல்றார், திருமேனி, இதை வாரத்துக்கு ஒரு தடவை ஓட்டுறதுக்கு, ஒவ்வொருத்தனும் மாத்துன உடனே அவனுக்கே காட்டுற மாதிரி வெச்சா என்னன்னு. ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு இருக்கு டீம்ல, நாகர்கோவில்காரி, வாய் இங்கயிருந்து அங்க வரைக்கும். அவளும் கூடச் சேந்துக்கிட்டா. "சார், தப்புப் பண்ணின உடனே சொன்னா அவங்க உடனே சரி பண்ணிக்கப் போறாங்க. வாரம் பூரா சேத்து வெச்சு நாலு பேரு முன்னாடி சொன்னா அதுக்குப் பேரு ஆடிட் இல்ல, பஞ்சாயத்து"ன்னா. எம்.டி. முன்னாடியே. நான் சிரிச்சேன். "அம்மா, தனியாக் கூப்பிட்டுச் சொல்லித் திருந்துற ஜாதியா இருந்தா நான் ஏம்மா இதைக் கொண்டுவரப் போறேன்"னு கேட்டேன். 

வெள்ளிக்கிழமை ஆறு மணின்னா ஒவ்வொருத்தனும் பையை மாட்டிக்கிட்டு நிப்பான். அப்ப ஓடும் ஆடிட். என்ன வந்திருக்குன்னு எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. சனி, ஞாயிறு ரெண்டு நாளும் வீட்ல புள்ளையக் கொஞ்சுனாலும் சரி, மாமியார் வீட்டுக்குப் போனாலும் சரி, உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும், நம்ம பேரு வந்திருக்குமோன்னு. அந்த பயம் இருக்குல்ல, அதான் தரம். பயம் இல்லாம எவனும் ஒழுங்கா வேலை பாத்ததா சரித்திரம் இல்ல.

திங்கக்கிழமை காலைல பத்து மணிக்கு வாசிப்பேன். எல்லாரையும் ஒரு ரூம்ல உக்கார வெச்சு, சுவத்துல பெருசாப் போட்டு, பேரைச் சொல்லி, எழுப்பி நிக்க வெச்சு. அவனவன் குத்தத்தை நான் வாசிச்சு முடிக்கிற வரைக்கும் நிக்கணும். திங்கக்கிழமை திவசம்னு பேரு வெச்சிருக்கானுங்களாம் அதுக்கு. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. அந்தப் பேரை ஜெசிந்தாதான் வெச்சிருப்பா. வெச்சுக்கட்டும். திவசத்துக்குத்தான் ஒழுங்கா நேரத்துக்கு வந்து உக்காருறானுங்க, மத்த எதுக்கு வர்றானுங்க?

பல்லடத்துல எதுக்கு இம்புட்டு நேரம் போட்டிருக்கான் இவன்? கண்டக்டரைப் பாருங்க, பஜ்ஜி திங்கிறான். இவனுக்கும் ஒரு ஆடிட் வெக்கணும்.

எதுல விட்டேன்? ஆங். ஆடிட்ல ஒரு சூட்சுமம் வெச்சேன் பாருங்க, அதுதான் எல்லாருக்கும் எரிச்சல். நீ ஒரு ஃபைலைத் தொட்டேன்னா, நீ மாத்துன ஒரு வரியை மட்டும் பாத்தா உன் வண்டவாளம் எப்படித் தெரியும்? முழு ஃபைலையும் பாக்கும். அதுல எத்தனை குத்தம் இருக்கோ அத்தனையும் தொட்டவன் பேருல எழுதும். யாரு முன்னாடி எழுதுனாங்கிறதெல்லாம் கணக்கு இல்ல. வீட்டுக்குள்ள போனா கூட்டிப் பெருக்கிட்டுத்தான் வெளிய வரணும். அதுக்கும் வந்தா ஜெசிந்தா. "பழைய குப்பைக்கெல்லாம் கடைசியாத் தொட்டவன் பேராண்ணு கேக்கேன் சார். அப்ப எவன் தொடுவான்?" நான் சொன்னேன், "குப்பைன்னு தெரியுதுல்ல, கூட்டு."

பழைய ஃபைலெல்லாம் யாரு எழுதுனதா? நான்தாண்ணே எழுதுனேன். வேற யாரு? பத்து வருஷத்துக்கு முன்னாடி கம்பெனியில நாங்க நாலே பேரு. மெசேஜ் அனுப்புற ஃபைலு இருக்கே, அது முழுக்க நான். ஒத்த ஆளா உக்காந்து எழுதுனேன். அவ்வளவு பெரிசு. இன்னிக்கு வரைக்கும் ஒருத்தனுக்கும் அது முழுசாப் புரியாது. படிச்சுப் பாத்துட்டுத் தலையைச் சொறிவானுங்க. அதான் எழுத்து.

என் பேரு ஆடிட்ல வந்திருக்கான்னா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வந்திருந்தாச் சொல்லுங்க. வரவே வராது. நான் எதையும் தொடுறதில்லையே. மேல வந்தாச்சு. தொடுறவனுக்குத்தான் பேரு வரும். அப்ப யாரு சுத்தம்னு நீங்களே பாத்துக்கங்க.

முருகபூபதின்னு ஒரு ஆளு இருந்தான், அவிநாசிக்காரன். என்னைவிட வயசு கூட, ஆனா வளரவே இல்ல. ஆடி மாசம் அவன் என்ன பண்ணுனான், இந்த மெசேஜ் ஃபைல்ல ஏதோ எழுத்துப் பிழையாம், தமிழ் மெசேஜ்ல புள்ளி விட்டுப்போச்சாம், அதைச் சரி பண்றேன்னு கையை வெச்சான். ஒரே ஒரு புள்ளி. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வந்துச்சு பாருங்க ரிப்போர்ட். இருநூத்திச் சொச்சம் குத்தம், எல்லாம் முருகபூபதி பேருல. திங்கக்கிழமை நான் ஒண்ணு விடாம வாசிச்சேன். சாப்பாட்டு நேரமே தாண்டிப்போச்சு. நின்னுக்கிட்டே இருந்தான். முதல்ல ஏதோ சொல்ல வந்தான், அப்புறம் சுவத்தையே பாத்துக்கிட்டு நின்னான். நடுவுல யாரோ தண்ணி பாட்டிலை நீட்டுனாங்க, வாங்கலை. அடுத்த வாரமே பேப்பர் போட்டுட்டுப் போயிட்டான். ரோஷமாம். இருநூறு குத்தத்தை வெச்சுக்கிட்டு ரோஷம் வேற.

ஆனா அதுக்கப்புறம் பாக்கணுமே டீமை. ரிப்போர்ட்ல குத்தம் கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. ஐப்பசில சுத்தமா ஒண்ணுமில்ல. பூஜ்யம். அடுத்த வாரம் பூஜ்யம். அதுக்கடுத்த வாரமும் பூஜ்யம். எம்.டி. கேக் வரவழைச்சார். நான்தான் வெட்டினேன். ஒருத்தனும் கை தட்டலை, ரெண்டு பேரு மட்டும் தட்டுனாங்க, அதுவும் எம்.டி. பாத்ததுக்கப்புறம். பொறாமை.

என்ன கேக்குறீங்க? இல்லண்ணே, வேலை நின்னு போயிரலை. புதுசு புதுசா ஃபைலு போட்டு எழுதுறானுங்க. பழசுல கை வைக்கிறதில்ல, அவ்வளவுதான். நல்லதுதானே? ஓடுற வண்டியை எதுக்கு நோண்டணும்?

இதுக்கு நடுவுல ஒரு புகாரு வந்துச்சு. ஒரே நாள்ல ஒரு பேஷண்டோட நேரத்தை ரெண்டு தடவை மாத்துனா, மெசேஜ்ல முதல் தடவை மாத்துன நேரம்தான் போகுதாம். கடைசி நேரம் போகலையாம். சென்டர்ல இருந்து எழுதியிருந்தாங்க. எந்த ஃபைலு? அதே மெசேஜ் ஃபைலு. மீட்டிங்ல ஜெசிந்தா சொன்னா. நான் சொன்னேன், "சரி பண்ணுங்க, யாரு வேணாம்னா?" ஒருத்தன் வாயைத் தெறக்கணுமே. எல்லாவனும் மேசையைப் பாக்குறான். அந்த வேலையை ஒருத்தன் பேருல போட்டா, அவன் இன்னொருத்தனுக்குத் தள்ளுறான். இது சர்வர் வேலைங்கிறான் ஒருத்தன். இல்ல, சென்டர்காரங்க பழக்கத்தை மாத்திக்கணும்ங்கிறான் இன்னொருத்தன். அழகழகா இங்கிலீஷ்ல காரணம் எழுதுறதுல மட்டும் கெட்டிக்காரனுங்க. தீபாவளிக்கு முன்னாடி வந்த புகாரு, கார்த்திகையும் பாதி போயிருச்சு, அப்படியே கெடக்கு. கடைசில நம்ம டீம்ல இருந்து சென்டர் ரிசப்ஷனுக்குச் சொல்லிட்டாங்களாம், ரெண்டாவது தடவை மாத்துனா நீங்களே பேஷண்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிருங்கன்னு. அது ஒரு வைத்தியம்.

ஜெசிந்தா என் ரூமுக்கு வந்தா. "சார், ஒரே ஒரு வாரத்துக்கு அந்த ஃபைலை ஆடிட்ல இருந்து எடுத்து வையுங்க. இல்லைன்னா மாத்துற வரியை மட்டும் பாக்கச் சொல்லுங்க. நான் ஒக்காந்து சரி பண்ணித் தாரேன். ஏழெட்டு வரி வேலை"ன்னா. எனக்குப் புரிஞ்சிருச்சு. அவளுக்கு லீடு போஸ்ட் வர வேண்டியிருக்கு, தை மாசம். அதுக்கு முந்தின காலாண்டுல ஒரு குத்தம்கூட இருக்கக் கூடாதுன்னு நான்தான் விதி போட்டேன். இருநூறு குத்தம் பேருல ஏறுனா போஸ்ட் போச்சு. அதான் அம்மாவுக்கு ஸ்பெஷலா வழி விடணுமாம். "உனக்கு ஒரு சட்டம், முருகபூபதிக்கு ஒரு சட்டமா?"ன்னு கேட்டேன்.  "அவருக்குப் பண்ணினதையே சட்டம்னு சொன்னீங்கல்லா, அது போதும் சார்"னு சொல்லிட்டுப் போயிட்டா. திமிரைப் பாத்தீங்களா?

நானா? நானே சரி பண்ணியிருக்கலாமேன்னு கேக்குறீங்களா? நல்லாக் கேட்டீங்க போங்க. நான் எழுதுன ஃபைலுதான், எந்த எடம்னு எனக்குக் கண்ணை மூடிக்கிட்டுத் தெரியும். ஒரு டீ குடிக்கிற நேரம். ஆனா நான் தொட்டா யாரு பேரு வரும்? திங்கக்கிழமை என் குத்தத்தை நானே வாசிச்சுக்கிட்டு நானே நிக்கணுமா? அத்தனை பேரு முன்னாடி? நீங்க மார்க்கெட்ல இருக்கிறவர், உங்களுக்கு அதெல்லாம் தெரியாதுண்ணே. ஒரு பதவில இருந்தா சில கட்டுப்பாடு இருக்கு.

சரி, அப்புறம் செவ்வாக்கிழமை கதை. எங்கக்காவுக்கு முதல்ல காலைல எட்டு மணின்னு இருந்திருக்கு. மெஷின் ரிப்பேருன்னு மத்தியானம் ரெண்டுக்கு மாத்திட்டாங்க. மெசேஜ் வந்துச்சு, ரெண்டு மணின்னு. அதுக்கப்புறம் மெஷின் சரியாயிருச்சுன்னு மறுபடி காலைல பத்துக்கு மாத்தியிருக்காங்க. மறுபடியும் மெசேஜ் வந்துச்சு, அதுலயும் ரெண்டு மணின்னுதான். என் போனுக்கும் ஒரு காப்பி வரும், நானும் பாத்தேன். ரெண்டு தடவை ஒரே நேரம் வருதேன்னு தோணுச்சு, சரி, ஞாபகப்படுத்துறாங்க போலன்னு விட்டுட்டேன். அக்கா ரெண்டு மணிக்குப் போய் நின்னிருக்கு. உங்க டைம் பத்து மணியாச்சேம்மா, இனிமே மெஷின் இல்ல, சனிக்கிழமை பாக்கலாம்னுட்டான். அது பஸ் ஏறித் திரும்பி வந்துருச்சு.

இதுல யாரைச் சொல்றது? அந்த ரிசப்ஷன்காரன் ஒரு போன் பண்ணியிருக்கலாம். எங்கக்கா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், போன் கையிலதானே இருக்கு? கேட்டா, "நீதாண்டா மெசேஜ்ல உள்ளபடி போய் நில்லுன்னு சொன்ன"ங்குது. மாமா கூடப் போயிருக்கலாம், லோடு இருந்துச்சுங்கிறார். எல்லாத்துக்கும் மேல என் டீமு. அத்தனை பேரு இருக்கானுங்க. ஏழெட்டு வரி. ஒரு உசுரு சம்பந்தப்பட்ட விஷயம்னு ஒருத்தனுக்கு, ஒருத்தனுக்காச்சும் உறைக்கணுமே. தன் பேரு வந்திருமோங்கிற பயம். கோழைப் பசங்க. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நேத்து மீட்டிங்ல கிழி கிழின்னு கிழிச்சிட்டேன். எங்கக்கா படுத்துக் கெடக்குறா, நீங்க உக்காந்து இங்கிலீஷ் எழுதுங்கடான்னேன். 

இன்னிக்குக் காலைல ஜெசிந்தா வந்து நிக்கிறா. "அக்காவுக்கு அடுத்தது எப்ப சார்?" நாளைக்குன்னேன். "நாளைக்கேவா?"ன்னு ஒரு மாதிரி முகத்தை வெச்சுக்கிட்டா. "நீங்க கெளம்புங்க சார், இங்க நாங்க பாத்துக்கறோம்." என்ன கரிசனம் பாருங்க. நான் எப்படா எந்திரிப்பேன், சீட்டு எப்படா காலியாகும்னு இருக்கு. எனக்குத் தெரியாதா நடிப்பு?

இருங்க, மாமா கூப்பிடுறார். ஸ்பீக்கர்ல போடுறேன், பஸ் எரைச்சல்ல கேக்க மாட்டேங்குது.

"மாமா, சொல்லுங்க. எப்படி இருக்கு?"

"கண்ணு முழிச்சுப் பேசுறா மாப்ள. கால் வீக்கம்தான் வடியல. நீ எங்க வர்ற?"

"தாராபுரம் தாண்டிட்டேன். நாளைக்கு எத்தனை மணிக்கு?"

"அதாம்ப்பா குழப்பமா இருக்கு. காலைல பத்துன்னான். அப்புறம் மத்தியானம் மூணுன்னான். இப்பக் கூப்பிட்டு, இல்ல, மறுபடி மாத்துறோம், மெசேஜ் வரும்னு சொல்லிட்டு வெச்சிட்டான். திருப்பிப் பண்ணுனா எடுக்க மாட்டேங்குறான். எனக்குப் பயமா இருக்கு மாப்ள. போனவாட்டி மாதிரி ஆயிருச்சுன்னா..."

"ஒண்ணும் ஆகாது மாமா. மெசேஜ்ல என்ன வருதோ அந்த நேரத்துக்குக் கூட்டிட்டுப் போகலாம்."

"அதைத்தானப்பா போனவாட்டியும் சொன்ன."

"வெச்சிருங்க மாமா, சிக்னல் இல்ல."

கேட்டீங்களா? நொய் நொய்னு. அந்த மனுஷனுக்கு எப்பவும் பதட்டம். இந்தா, மெசேஜ் வந்துருச்சு பாருங்க, சொன்னேன்ல. செண்பகவல்லி, நாளை, சனிக்கிழமை, காலை ஆறரை மணி. ஆறரை. பத்தும் இல்ல, மூணும் இல்ல. மாமாவுக்கும் வந்திருக்கும், இருந்தாலும் ஒரு வார்த்தை அனுப்பிடுறேன். ஆறரைக்கு ரெடியா இருங்க. அனுப்பியாச்சு. விடியுறதுக்குள்ள கெளம்புனா சரியா இருக்கும்.

கவனிச்சீங்களா? ஒரே நாள்ல ரெண்டு தடவை மாத்தியிருக்கான், கடைசி நேரம்தான் வந்திருக்கு. கரெக்டா வந்திருக்கு. அப்ப என்ன அர்த்தம்? கோளாறே இல்லண்ணே. இருந்ததே இல்ல. நான் எழுதுனது, பத்து வருஷமா ஓடுது. அன்னிக்கு அந்த ரிசப்ஷன்காரன்தான் எங்கயோ தப்பாத் தட்டியிருக்கான். பழியை ஃபைல் மேல போட்டுட்டாங்க. எனக்கு அப்பவே சந்தேகம்தான். இதை ரெண்டு மாசமா ஒரு பெரிய புகாருன்னு கட்டிக்கிட்டு அழுதானுங்க பாருங்க.

ஆறாயிருச்சா? மணி அடிக்குது. இதுதான் நான் சொன்ன ரிப்போர்ட். பாருங்க, டாண்ணு ஆறு. நான் பஸ்ல இருந்தாலும் சரி, எங்க இருந்தாலும் சரி, அது பாட்டுக்கு ஓடும். இந்த வாரமும் பூஜ்யமாத்தான்...

அட.

இல்லண்ணே, பூஜ்யம் இல்ல. ஒரு பேரு வந்திருக்கு. ஒரே ஒரு பேரு. ஜெசிந்தா.

எந்த ஃபைலுன்னு நெனைக்கிறீங்க? மெசேஜ் ஃபைலு. இன்னிக்கு மத்தியானம், நான் அந்தப் பக்கம் பஸ் ஸ்டாண்டுக்குக் கெளம்பினதும், இந்தப் பக்கம் கையை வெச்சிருக்கா. மாத்துனது ஏழே வரி. உடனே லைவ்லயும், அதாவது சென்டர்ல ஓடுறதுலயும், ஏத்தியாச்சு. குத்தம் இருநூத்திச் சொச்சம், எல்லாம் அவ பேருல. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. காரணம்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல என்ன எழுதியிருக்கா பாருங்க. "நாளைக்குள்ள வேணும்."

நாளைக்கு என்னண்ணே இருக்கு? நாளைக்கு சனிக்கிழமை. ஆபீஸே லீவு.

இல்லாத கோளாறைச் சரி பண்றேன்னு கெளம்பியிருக்கா. என்னைவிடப் பெரிய ஆளுன்னு எம்.டி.க்குக் காட்டணும், அதான். லீடு போஸ்ட் வேணுமாம்ல லீடு போஸ்ட். இனிமே கனவுலதான். சிரிப்பா வருது எனக்கு. ரெண்டு மாசமா அவ்வளவு ஜாக்கிரதையா இருந்தவ, கையெட்டுற தூரத்துல வந்து தானாப் போய் விழுந்திருக்கா பாருங்க. நாளைக்கு அக்காவை சென்டர்ல விட்டுட்டு, ஞாயித்துக்கிழமை ராத்திரி பஸ் புடிச்சேன்னா திங்கக்கிழமை பத்து மணிக்கு நான் ரூம்ல இருப்பேன். அவளை எழுப்பி நிக்க வெச்சு, முதல் குத்தத்துல இருந்து கடைசிக் குத்தம் வரைக்கும் வாசிக்கிறேன். முருகபூபதிக்கு எவ்வளவு நேரமாச்சோ அவ்வளவு நேரம். அந்த வாய் அப்ப என்ன பேசுதுன்னு பாக்குறேன்.

என்னண்ணே, பையை எறக்குறீங்க? ஒட்டன்சத்திரம் இன்னும் வரலையே. வர்றதுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கு.

எங்க, முன்னாடி சீட்டுக்கா? போங்க, போங்க. அந்தப் பக்கம் இன்ஜின் சூடு அடிக்கும்.